வெற்றாக விடப்பட்டுள்ளது

ஸஹீதா வாசிக்காமல் கையெழுத்து வைத்தாள் என்று சொன்னால் காத்தான்குடியில் ஒருவரும் நம்பமாட்டார்கள். பஸ் டிக்கட்டின் பின்பக்கத்தையும் வாசித்துவிட்டுத்தான் பைக்குள் வைப்பாள் என்று அவளுடைய தம்பி அஸ்கர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன். அதில் பொய்யும் இல்லை. மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கிற கடதாசியை விரித்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, கடைசிப் பொடி எழுத்து வரைக்கும் போய்த்தான் மீளுவாள். 'சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்' என்ற பலகை அவள் வீட்டுக் கேற்றில் இருபத்திரண்டு வருடமாகத் தொங்குகிறது. வெளிநாடு போகிறவர்கள், வழக்குக்காரர்கள், கல்யாணக்காரர்கள் என்று ஊரில் பாதிப்பேருடைய பிறப்பும் இறப்பும் அவள் கையால்தான் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குப் போயிருக்கின்றன.

அப்படிப்பட்டவள், தன் புருஷனின் காலை வெட்டுவதற்கான படிவத்தில், ஒரு வரியும் வாசிக்காமல் மூன்று இடத்தில் கையெழுத்து வைத்தாள்.

புருஷன் ஜிப்ரிக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வந்து பதினெட்டு வருடம். கடைசி நாலு வருடமாக இடது கால் மரத்துக் கிடந்தது. பெரிய தெருவில் அவருக்குத் துணிக்கடை. கட்பீஸ், சாரம், இறந்தவர்களுக்குச் சுற்றுகிற கபன் துணி எல்லாம் ஒரே கூரையின் கீழ். "பிறந்தவனும் என்னட்டத்தான் வரணும், மௌத்தானவனும் என்னட்டத்தான் வரணும்" என்று பீற்றிக்கொள்வார். ஒவ்வொரு நாளும் பின்னேரம் அஸர் தொழுத கையோடு வீட்டுக்கு வந்து கட்டிலில் காலை நீட்டுவார். ஸஹீதா பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு விரலிடுக்கு, குதி, நகக்கண் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். காணி உறுதிப் பத்திரம் பார்க்கிற மாதிரித்தான் பார்ப்பாள். அவள் தொடுவது அவருக்குத் தெரியாது.

"தெரியுதா?" என்று கேட்பாள்.

"இல்ல."

"இப்ப? கொஞ்சம் கீழ?"

"அங்கயும் இல்ல. தொடாமத் தொட்டுட்டன் எண்டு சொல்றியா புள்ள?" என்பார் ஜிப்ரி. இது அவர்களுடைய அன்றாட வேடிக்கை. நாலு வருடம் அப்படிப் போனது.

வைகாசியில் ஒரு நாள், கடைக்குள் விழுந்து கிடந்த குண்டூசி ஒன்று அந்தக் காலில் ஏறிவிட்டது. மனிதருக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து பின்னேரம் வரைக்கும் ஊசியோடேயே நடந்து வியாபாரம் பார்த்திருக்கிறார். ஸஹீதாதான் கண்டு பிடுங்கினாள். அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "நம்மட கடை ஊசிதான், வீசிப்போடாத" என்றார். ஐந்து கிழமையில் புண் பெருவிரலைத் தின்று, பாதத்தைத் தின்று, கணுக்காலுக்கு ஏறியது. டொக்டர் முழங்காலுக்குக் கீழே பேனையால் ஒரு கோடு கீறிக் காட்டினார்.

ஒப்பரேசன் நாள் காலை ஸஹீதாவுக்குக் கண் தெரிந்தது, காது கேட்டது, ஆனால் ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. அழுகை வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை. பயம் வரும் என்று பார்த்தாள், அதுவும் வரவில்லை. நேர்ஸ் பிள்ளை படிவத்தை நீட்டி, "இதில, இதில, இதில" என்று விரல் வைத்தது. ஸஹீதா வைத்தாள். மூன்று கையெழுத்தும் வடிவாகத்தான் விழுந்தன.

அந்தப் படிவத்தில் நான்காம் பிரிவு என்று ஒன்று இருந்தது. அகற்றப்படும் உறுப்பை உறவினரிடம் ஒப்படைப்பதா, ஆஸ்பத்திரியே அப்புறப்படுத்துவதா என்று இரண்டு கட்டம். ஒன்றில் அடையாளம் இட வேண்டும். அதற்குக் கீழே, இந்தப் பிரிவை நிரப்பாவிட்டால் உறுப்பு ஆஸ்பத்திரியின் வழமைப்படி எரிக்கப்படும் என்று பொடி எழுத்தில் ஒரு வரி. ஸஹீதா இரண்டு கட்டத்தையும் வெறுமையாக விட்டுவிட்டு அதற்கடியில் கையெழுத்து வைத்திருந்தாள். வெற்றிடம் விட்டுக் கையெழுத்து வைக்காதீங்க, வைக்காதீங்க என்று தன்னிடம் வருகிற ஒவ்வொருவருக்கும் படித்துப் படித்துச் சொல்கிறவள்.

வெட்டிய உறுப்பை வெள்ளைத் துணியில் சுற்றி மையவாடியில் அடக்குவதுதான் அவர்களுடைய வழக்கம். மறுநாள் காலை அஸ்கர் ஜிப்ரியின் கடையைத் திறந்து, கபன் துணியில் ஒன்றரை மீட்டர் வெட்டி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தான். பத்து நிமிஷத்தில் துணியை மடித்தபடியே கக்கத்தில் வைத்துக்கொண்டு ஸஹீதாவிடம் வந்தான்.

"ராத்தா, விடியவே அனுப்பிட்டாங்களாம். படிவத்தைக் காட்டுறாங்க. நீங்கதான் கையெழுத்து வெச்சிரிக்கிறீங்க."

"எங்க அனுப்பினது?"

அஸ்கர் நிலத்தைப் பார்த்தான்.

இது வேறு வீடென்றால் ஒரு கவலையோடு போயிருக்கும். ஜிப்ரிக்கு அப்படி இல்லை. கொரோனா வந்த முதல் வருடத்தில் அவருடைய காக்கா, கூடப்பிறந்த மூத்தவர் அப்துல் மஜீத், கொழும்பில் மௌத்தானார். கொரோனாவில் போனவர்களை அந்த நேரம் அரசாங்கம் அடக்க விடவில்லை, எரித்தார்கள். சாம்பலை வந்து வாங்கச் சொன்னபோது ஜிப்ரி போகவில்லை. "வாங்கினா நான் சம்மதிச்ச மாதிரி" என்றார். மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்துவிட்டு, நாலாம் நாள் ஸஹீதாவைக் கூப்பிட்டு, "என்ட உடம்பில ஒரு நகத்துண்டும் நெருப்பில போகக் கூடாது, கேட்டியா? உன்னை நம்பித்தான் சொல்றன்" என்றார். அவளும் தலையாட்டினாள்.

அஸ்கர் துணியோடு திரும்பி வந்த அன்று மத்தியானம், மருந்து மயக்கம் முழுதாகத் தெளிந்து ஜிப்ரி கேட்ட முதல் கேள்வி தண்ணீர் இல்லை.

"அடக்கியாச்சா?"

அஸ்கர் அக்காவைப் பார்த்தான். அக்கா ஜன்னலைப் பார்த்தாள்.

"ஓம்" என்றாள் ஸஹீதா. ஒரே ஒரு சொல். சொல்லும்போது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதுதான் பிறகு அவளைப் பயமுறுத்தியது.

"எங்க?"

"உங்கட உம்மாட கபுறுக்குப் பக்கத்தில மச்சான்" என்று அஸ்கர் முந்திக்கொண்டான். வாயால் சொன்னதற்குக் கையால் ஒரு வேலை செய்ய வேண்டுமே. அன்று பின்னேரமே மையவாடிக்குப் போய், உம்மாவின் கபுறுக்குப் பக்கத்தில் ஒன்றரை அடி தோண்டி, அந்த வெறும் துணியை மடித்தபடியே வைத்து மூடிவிட்டு வந்தான். மண்ணைக் குவித்து ஒரு தடியும் நட்டான். எதையும் அரைகுறையாகச் செய்கிற அஸ்கர் இந்த வேலையை மட்டும் சுத்தமாகச் செய்திருந்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு ஜிப்ரி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆத் தொழுகை முடிந்து, அஸ்கரின் ஆட்டோவில் மையவாடிக்குப் போய் வந்தார். ஊன்றுகோலை அணைத்துக்கொண்டு உம்மாவுக்கு ஒரு சலாம், காலுக்கு ஒரு சலாம். வரும்போது முகம் தெளிந்திருக்கும். "நல்ல இடம். ஒரு கால் முதலில போய் இடம் பிடிச்சு வெச்சிரிக்கு. மத்ததும் நானும் மறுகா போவம்" என்பார். வருகிறவர்களிடம், "முழுத்துணி கட்பீஸ் ஆயிற்றுது பாத்தீங்களா" என்று தொடையைத் தட்டிக் காட்டுவார். வந்தவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தேத்தண்ணியைக் குடிப்பார்கள்.

அதையெல்லாம் ஸஹீதா பொறுத்துக்கொண்டாள். பொறுத்தாள் என்பதும் பொய். பொறுப்பதற்கு ஏதாவது வலிக்க வேண்டும். சோறு காய்ச்சினாள், புண்ணுக்குத் துணி மாற்ற வந்த பிள்ளைக்குக் கதிரை போட்டாள், மொழிபெயர்த்தாள். ஜிப்ரியின் உடம்பில் மட்டும் ஒரு விரல் வைக்கவில்லை. அஸர் நேரத்தில் மடியில் வைக்க இப்போது ஒன்றுமில்லை என்பது அவளுக்குச் சாட்டாகவும் போயிற்று.

ஒன்றை மட்டும் அவளால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. இருந்தபோது மரத்துக் கிடந்த கால், இல்லாமல் போன பிறகு நோகத் தொடங்கியது. வெட்டினவர்களுக்கு இப்படி வரும், போகப் போகச் சரியாகும் என்று டொக்டர் முதலே சொல்லியிருந்தார். பின்னேரங்களில், ஆற்றுப்பக்கமிருந்து கச்சான் காற்று அனலாக அடிக்கும் நேரம் பார்த்து, ஜிப்ரி கட்டிலின் சட்டத்தை இறுக்கிப் பிடிப்பார்.

"எரியுது ஸஹீதா. கால் எரியுது."

அவள் தண்ணி எடுத்து வருகிறேன் என்று குசினிக்குள் போவாள். போய் அங்கேயே நிற்பாள். அவருடைய முனகல் அடங்கிய பிறகுதான் தண்ணி வரும். வீட்டுக்கு வந்த அஞ்சு கிழமையாக இப்படித்தான்.

ஆவணி தொடங்கியபோது செயற்கைக் காலுக்கு ஒரு வழி பிறந்தது. உதவி செய்யும் குழு ஒன்று, ஆஸ்பத்திரிக் கடதாசி அத்தனையும் தமிழில், முழுமையாக, முத்திரை குத்தி வேண்டும் என்று கேட்டது. ஜிப்ரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆங்கிலம் அவருக்கு வராது.

"ஊருக்கெல்லாம் செய்யிறாய், எனக்கும் ஒருக்காச் செய். நானும் வாசிக்கணும். என்ட காலைப் பத்தி என்னென்ன எழுதியிரிக்கானுகள் எண்டு எனக்குத்தானே தெரியாது?"

கோப்பில் பதினொரு பக்கம். ஒன்பதாவது பக்கம் அந்தப் படிவம்.

அஸ்கர் அன்றே ஓடி வந்தான். கேற்றடியில் நின்று குரலைத் தாழ்த்தினான். "அந்த ஒரு பக்கத்தை விட்டிடுங்க ராத்தா. பத்துப் பக்கம் எண்டு குடுங்க. ஆருக்குத் தெரியப் போகுது? குழுவுக்குக் கால் வெட்டினது தெரிஞ்சாப் போதும், வெட்டின கால் எங்க எண்டு அவனுகள் கேக்கப்போறதில்ல."

"பாப்பம்" என்றாள் ஸஹீதா. எட்டுப் பக்கத்தை அடித்து முடித்தாள். பத்தையும் பதினொன்றையும் அடித்தாள். ஒன்பதை மேசை லாச்சிக்குள் வைத்தாள்.

அடுத்த நாள் காலை கிரானிலிருந்து வதனி என்றொரு பெண் வந்தாள். வயல் வேலையில் கறுத்த கை. வெளிநாடு போகப் பார்க்கிற மகனுடைய பிறப்புச் சான்றிதழை நெகிழிப் பைக்குள் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்தாள். ஆங்கிலத்தில் வேண்டும். தகப்பனுடைய பெயர் வர வேண்டிய கூட்டில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"அக்கா, அந்தக் கூட்டைக் காட்டாம அடிக்க ஏலாதா? வெள்ளைக்காரனுக்கு அது எதுக்கு?"

"ஏலாது தங்கச்சி."

"இல்லாதவர் இல்லாதவராவே கிடக்கட்டுமே. இல்லை எண்டுறதையும் எழுதி வைக்கணுமா?"

"எழுதத்தான் வேணும். விட்டா, நான் கடதாசியில இருந்து களவெடுத்த மாதிரி. கிழிஞ்சு கிடந்தா கிழிஞ்சு கிடக்கு எண்டு எழுதுவன். வெறுமையாக் கிடந்தா வெறுமையாக் கிடக்கு எண்டு எழுதுவன். அதையும் எழுதினாத்தான் அது முழுசு."

எத்தனையோ பேருக்கு எத்தனையோ தரம் சொன்ன பேச்சு, மனப்பாடம். "அப்ப எழுதுங்க. நானும் பதினேழு வருஷமா அந்தக் கூட்டை மறைச்சுப் பாத்திட்டன். சரிவரல்ல" என்றாள் வதனி. ஸஹீதா அந்தக் கூட்டில், வெற்றாக விடப்பட்டுள்ளது என்று ஆங்கிலத்தில் அடித்து, முத்திரை குத்திக் கொடுத்தாள். வதனி கடதாசியை மறுபடி பைக்குள் சுற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அவள் போன பிறகு ஸஹீதா ஜிப்ரியின் கோப்பை எடுத்தாள். பத்துப் பக்கம். கடைசியில் அவளுடைய உறுதிமொழி வர வேண்டும். மேற்படி மொழிபெயர்ப்பு மூலப்பிரதியின் உண்மையானதும் முழுமையானதுமான மொழிபெயர்ப்பென இத்தால் சான்றுபடுத்துகிறேன். முத்திரையைக் கையில் எடுத்தாள். கை நின்றுவிட்டது. பயத்தினாலோ அல்லாஹ்வுக்கு அஞ்சியோ என்று சொன்னால் பெரிய பேச்சாகிவிடும். தொழில்காரியின் கை அது. அதற்குப் பழகவில்லை, அவ்வளவுதான்.

'முழுமையானதும்' என்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆங்கிலத்தில் அடிக்கிற நாட்களில் அந்த இடத்தில் கொம்ப்ளீட் என்று அடிப்பாள். ஒரு நாளைக்குப் பத்துத் தரம் அடிக்கிற சொல்லை இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாளும் அகராதியில் பார்த்ததில்லை. தெரிந்த சொல்லை யார் பார்ப்பார்கள்? வேறு செய்ய ஒன்றுமில்லாததால் பெரிய அகராதியை இழுத்துத் திறந்தாள்.

எல்லாப் பகுதிகளும் இருக்கிற என்று முதற் பொருள். அடுத்தது, முடிந்துபோன, செய்து தீர்ந்த. அதற்குப் பிறகு, நாம் சுத்த மடையன், சுத்தப் பொய் என்கிறோமே, அந்தச் 'சுத்த'. அவளுக்குச் சுருக்கென்றது, அகராதிக்காரனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று இருந்தது. பிறகு வினைச்சொல்லாக வந்தால், படிவத்தை நிரப்புவது. நான்காம் பிரிவின் தலையிலும் அதே சொல்தான் இருந்தது: நெருங்கிய உறவினரால் நிரப்பப்பட வேண்டியது. கடைசியில் சாய்ந்த எழுத்தில் சொல்லின் பிறப்பு. லத்தீன். நிரப்பு, விளிம்பு வரைக்கும் நிரப்பு என்ற வினையிலிருந்து வந்ததாம்.

ஒன்றும் உடையாமல், ஒன்றும் குறையாமல் இருப்பதுதான் முழுமை என்று அவள் இவ்வளவு காலமும் எண்ணியிருந்தாள். அந்தச் சொல்லின் அடியில் உடையாததைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. நிரப்புவதைப் பற்றித்தான் இருந்தது. நிரப்புவதென்றால் முதலில் வெற்றிடம் ஒன்று இருக்க வேண்டும். அது எங்கே இருக்கிறதென்று ஆராவது காட்டவும் வேண்டும். அகராதியை மூடிவிட்டு லாச்சியைத் திறந்து ஒன்பதாம் பக்கத்தை எடுத்து மேசையில் வைத்தாள். ஏழு கிழமைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்தப் படிவத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். பிறகு அடிக்கத் தொடங்கினாள்.

அஸருக்குப் பிறகு பதினொரு பக்கத்தையும் ஜிப்ரியின் கையில் கொடுத்தாள். முத்திரை இன்னும் குத்தவில்லை. அவர் தலையணையில் சாய்ந்து, விரல் வைத்து வரிவரியாக வாசித்தார். அவள் வாசற்படியில் நின்றாள்.

"என்ட நிறையையும் எழுதியிரிக்கானுகள் பாரு. அறுபத்தெட்டு கிலோ. இப்ப காலைக் கழிச்சுப் பாக்கணும்." இன்னொரு பக்கம் புரண்டது. "சிறுநீர் எண்டெல்லாம் எழுதியிரிக்காய். நல்ல தமிழ்." ஐந்து, ஆறு, ஏழு. விசிறிக்குக் கடதாசி படபடத்தது. எட்டு.

ஒன்பதில் விரல் நின்றது.

*பிரிவு 4. அகற்றப்படும் உறுப்பு. உறவினரிடம் ஒப்படைக்கவும்: (வெற்றாக விடப்பட்டுள்ளது). ஆஸ்பத்திரியால் அப்புறப்படுத்தவும்: (வெற்றாக விடப்பட்டுள்ளது). குறிப்பு: இப்பிரிவு நிரப்பப்படாதவிடத்து, உறுப்பு ஆஸ்பத்திரியின் வழமைப்படி எரிக்கப்படும். கையொப்பம்: ஸஹீதா. நோயாளிக்கு உறவு: மனைவி.*

இரண்டாம் தரமும் வாசித்தார். விரல் மறுபடி மேலே போய்க் கீழே வந்தது.

"இதென்ன புள்ள?"

"வாசிக்காமக் கையெழுத்து வெச்சுட்டன்."

"நீயா?"

"ஓம். நான்தான்."

"அப்ப அஸ்கர் அடக்கினது?"

"துணி. வெறும் துணி."

"ஆரு கடைத் துணி?"

"உங்கட கடைத் துணிதான்."

அவருடைய முகத்தில் ஒரு சிரிப்பு வரப் பார்த்தது. வந்தது வழியில் வேறொன்றாகிவிட்டது. பதினொரு பக்கத்தையும் அவள் பக்கம் வீசினார். விசிறிக் காற்றில் அவை அறை முழுக்கப் பறந்தன. "அஞ்சு வெள்ளி! அஞ்சு வெள்ளி நான் ஒன்றரை மீட்டர் துணிக்குச் சலாம் சொல்லிரிக்கன்! காக்காவை எரிச்சவன் ஆரெண்டே எனக்குத் தெரியாது. என்னை எரிக்கக் கையெழுத்து வெச்சவளுக்கு என்ட வீட்டில பேர் மனைவி!" என்று கத்தினார். பிறகு சுவர்ப்பக்கம் கிறுகிப் படுத்தார். "போ. கண்ணுக்கு முன்னால நிக்காத."

ஸஹீதா குனிந்து கடதாசிகளைப் பொறுக்கினாள். கட்டிலுக்குக் கீழே போனதையும் எட்டி எடுத்தாள்.

இரண்டு நாள் அவர் அவளோடு பறையவில்லை. அவள் வைத்த சோற்றைத் தொடவில்லை. அஸ்கர் கடையில் பார்சல் வாங்கி வந்தான். அவனோடும் பேச்சில்லை, பார்சலை மட்டும் தின்றார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போனார். வழமை போல ஆட்டோவை மையவாடிப் பக்கம் திருப்பிய அஸ்கரிடம் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"அந்தத் தடியைப் பிடுங்கு. சனத்துக்கு அடக்க இடமில்லாமக் கிடக்குது. ஒரு துணி இடம் பிடிச்சுக்கொண்டு கிடக்கு."

அஸ்கர் இறங்கிப் போய்த் தடியைப் பிடுங்கி, மண்ணைக் காலால் தட்டிச் சமப்படுத்தினான். ஜிப்ரி ஆட்டோவுக்குள் இருந்தபடியே உம்மாவுக்கு மட்டும் சலாம் சொன்னார். இதை அஸ்கர்தான் குசினி வாசலில் நின்று அக்காவிடம் சொன்னான். சொல்லும்போது அழுதான். அவனுக்கு அழுகை எளிதாக வரும்.

சனிக்கிழமை மத்தியானம் ஜிப்ரி அறைக்குள்ளிருந்து கூப்பிட்டார். பெயர் சொல்லவில்லை.

"கடதாசி குழுவுக்குப் போயிற்றா?"

"இல்ல. சீல் குத்தல்ல."

"ஏன்?"

"நீங்க சொல்லாம எப்படிக் குத்துற?"

அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். "குத்து" என்றார்.

"ஒன்பதாம் பக்கத்தோடயா? குழுவில எல்லாரும் வாசிப்பாங்க. ஸஹீதா வாசிக்காமக் கையெழுத்து வெச்ச கதை ஊரெல்லாம் போயிரும்."

"போகட்டும். துணிக்குச் சலாம் சொன்னவன் நான், அந்தக் கதை மட்டும் ஊருக்குப் போகாதா?" பிறகு குரல் இறங்கியது. "காக்காவும் சாம்பலாத்தான் போனாரு. மறுமையில அவரை அள்ளி எழுப்புறவனுக்கு என்ட கால் ஒரு வேலையா? அதுக்கில்ல எனக்குக் கோவம். நீ ஓம் எண்டு சொன்னதுக்குத்தான். கால் போன நேரம் நீயாவது மிச்சமா இரிக்கிறாய் எண்டு நினைச்சன்."

அவள் மேசைக்குப் போய்ப் பதினொரு பக்கத்தையும் அடுக்கி, உண்மையானதும் முழுமையானதுமான என்ற வரிக்குக் கீழே கையெழுத்து வைத்து, முத்திரையை அழுத்தினாள். அழுத்தியபோது அழுகை வந்தது. ஒப்பரேசன் நாள் காலையில் வந்திருக்க வேண்டிய அழுகை. சத்தமாகத்தான் வந்தது, அடுத்த அறைக்குக் கேட்டிருக்கும். ஜிப்ரி அவளை அழ விட்டார்.

அஸர் தொழுகை முடிந்தது. ஆற்றுப்பக்கமிருந்து கச்சான் அடிக்கத் தொடங்கி, ஜன்னல் சீலை உள்ளே பறந்தது. கட்டில் சட்டம் கிரீச்சிட்டது. ஸஹீதா எழும்பினாள். கால்கள் பழக்கத்தில் குசினிப் பக்கம் திரும்பின. அவற்றை இழுத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

"எரியுதா?" என்று கேட்டாள்.

அவர் கண்ணை மூடியபடி தலையை மட்டும் ஆட்டினார். சட்டத்தைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

அவள் கட்டிலின் கால்மாட்டில், நாலு வருடமாக இருந்துவந்த அதே இடத்தில் இருந்தாள். முழங்காலுக்குக் கீழே கட்டுத்துணி முடிந்தது. அதற்குப் பிறகு விரிப்புத்தான். சுருக்கமில்லாத, வெள்ளை விரிப்பு. உள்ளங்கையை அதன் மேல் வைத்தாள். அந்த இடம் சூடாகவும் இல்லை, குளிராகவும் இல்லை. மெதுவாகத் தடவினாள்.

"தெரியுதா?"

ஜிப்ரி கண்ணைத் திறந்து அவள் கையைப் பார்த்தார். கை இருந்த இடத்தைப் பார்த்தார்.

"கொஞ்சம் கீழ" என்றார்.

அவள் கையைக் கீழே கொண்டுபோனாள்.